பத்திரமான பணம் எது என்று அறிந்தவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: பணம் பெறும் விதிகளை வகுக்கும் பிரிவு, ஈபே நிறுவனம், சான் ஹோசே, கலிஃபோர்னியா.

பொருள்: விற்பவர்கள் கிரிப்டோ வாங்கக் கூடாது என்ற தங்கள் ஆணையைப் பாராட்டுதலும், அதில் ஒரு சிறு திருத்தம் கோருதலும்.

பெருமதிப்புக்குரியவர்களே,

தங்கள் தளத்தில் கடை போட்டிருக்கும் எவரும் பிட்காயினோ ஈதரோ கேட்டுப் பணம் வாங்கக் கூடாது; விதியை மீறினால் விற்பனைப் பதிவு நீக்கப்படும், கணக்கே முடங்கவும் கூடும் என்ற தங்கள் ஏற்பாட்டை முழுமனதோடு வரவேற்று இதை எழுதுகிறேன். பிட்காயின் பக்தர்களிடமிருந்து வசைக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்திருக்கும். இது அந்த ரகம் அல்ல. நான் உங்கள் கட்சி. காரணம் சொல்கிறீர்களே, அதில் மட்டும்தான் கொஞ்சம் மனவருத்தம்.

வாங்குபவர், விற்பவர் இருவரின் பாதுகாப்புக்காகவே இந்தக் கட்டுப்பாடெல்லாம் என்கிறீர்கள். கேட்டதும் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இத்தனை பாசத்தோடு நம் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்க வேண்டாம்.

1995 செப்டம்பரில் பியர் ஒமிடியார் ஆக்‌ஷன்வெப் என்ற பெயரில் உங்கள் கடையைத் திறந்தபோது முதலில் விலைபோனது ஓர் உடைந்த லேசர் பாயின்டர். 14 டாலர் 83 சென்ட். உடைந்தது என்று தெரிந்தேதான் ஒருவர் வாங்கினார். அந்தக் காலத்தில் பணம் தபாலில் வரும். காசோலையாக வரும், மணியார்டராக வரும். உங்களுக்குச் சேரவேண்டிய தரகைச் சிலர் சில்லறைக் காசாகவே அட்டையில் ஒட்டி உறைக்குள் போட்டு அனுப்புவார்கள். முன்பின் தெரியாத ஊரில் இருக்கும் முன்பின் தெரியாத ஆளுக்குப் பணத்தை அனுப்பிவிட்டு, பொருள் வருமென்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மனிதர்கள் அடிப்படையில் நல்லவர்கள் என்று அன்று உங்கள் நிறுவனர் ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நல்லவர்கள் எப்போது கைபிடித்துச் சாலை கடத்தவேண்டிய குழந்தைகளானார்கள் என்று தேடிப் போனால், நீங்கள் சொந்தமாகக் கல்லாப்பெட்டி வாங்கிய வருடத்தில் போய் நிற்கிறது.

1999இல் பில்பாயின்ட் என்ற பணப் பட்டுவாடா நிறுவனத்தை வாங்கினீர்கள். ஏலக்காரர்கள் அதைச் சீண்டவில்லை. பேபால் என்று வெளியிலிருந்து ஒன்று முளைத்திருந்தது. உங்கள் அனுமதியை யாரும் கேட்கவில்லை, விற்பவர்கள் தாங்களாகவே அதன் சின்னத்தைத் தங்கள் பக்கங்களில் ஒட்டிக்கொண்டார்கள். அப்போதைய பேபால் ஒன்றும் புனிதப் பசு அல்ல. மோசடிக்காரர்களிடம் மாதாமாதம் லட்சக்கணக்கில் டாலரை இழந்துகொண்டிருந்த குழந்தைப் பருவ நிறுவனம். ஆனாலும் ஜனங்கள் அதன் பக்கம். நீங்கள் மூன்று வருடம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, 2002இல் 150 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து அதையே வாங்கினீர்கள். பில்பாயின்ட் மூடப்பட்டது. பேபால் உலகிலேயே பத்திரமான முறையாகிவிட்டது.

அடுத்து கூகுள். 2006 ஜூன் கடைசியில் கூகுள் செக்கவுட் வந்தது. ஓரிரு வாரம்கூட ஆகவில்லை, உங்கள் தடைப் பட்டியலில் அதன் பெயர் ஏறிவிட்டது. பணம் கையாள்வதில் நீண்ட நாள் அனுபவம் உள்ள சேவைகளுக்குத்தான் இடம் என்பது உங்கள் விதி. அந்த அளவுகோலை 2000ஆம் வருடத்துப் பேபால் மீது வைத்துப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது அநாகரிகம். நான் கேட்கவில்லை.

மறுவருடம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். 2007 ஜூனில் பாஸ்டன் நகரில் உங்கள் விற்பனையாளர்களுக்கான மாநாடு. அதே ஊரில், அதே நாட்களில், கூகுள் ஒரு விருந்துக்கு ஏற்பாடு செய்தது. பிரிட்டிஷ் அரசின் வரியை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டிய ஊர் பாஸ்டன். விருந்தின் கருப்பொருளும் அதுதான். செக்கவுட்டுக்குச் சுதந்திரம் கொடு என்ற மறைமுகக் கோஷம். நீங்கள் என்ன செய்தீர்கள்? அறிக்கை விட்டு வாதாடவில்லை. அமெரிக்காவில் கூகுளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த விளம்பரங்களை மொத்தமாக நிறுத்தினீர்கள். கூகுளின் மிகப்பெரிய விளம்பரதாரர்களில் நீங்களும் ஒருவர். விருந்து ரத்தானது. சில நாட்கள் கழித்து விளம்பரம், முன்பைவிடக் குறைவாக, திரும்பி வந்தது. வாடிக்கையாளர் பாதுகாப்பு என்ற தத்துவத்தை இவ்வளவு செயல்வேகத்தோடு யாரும் கடைப்பிடித்ததில்லை.

2008இல் காசோலைக்கும் மணியார்டருக்கும் அமெரிக்காவில் விடைகொடுத்தீர்கள். உங்களை வளர்த்து ஆளாக்கிய அதே காகிதங்கள். அதே வருடம் ஆஸ்திரேலியாவில் இன்னும் ஒரு படி மேலே போய், இனி பேபால், அல்லது நேரில் வந்து வாங்கினால் ரொக்கம், வேறெதுவும் கிடையாது என்று அறிவித்தீர்கள். காரணம்? வழக்கமானதுதான். அங்கே போட்டி விவகாரங்களைக் கவனிக்கும் ஆணையம் இருக்கிறதே, அதற்கு இந்தப் பாசம் புரியவில்லை. போட்டியைக் கெடுக்கும், ஜனங்களுக்கு நன்மை பயக்குமென்று தோன்றவில்லை என்று வரைவுக் கருத்துச் சொல்லிவிட்டது. ஜூலையில் திட்டத்தைச் சுருட்டிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகும் ஆஸ்திரேலியர்கள் பாதுகாப்பில்லாமல் எப்படித்தான் தூங்கினார்களோ.

2015இல் பேபாலும் நீங்களும் தனிக்குடித்தனம் போனீர்கள். மூன்றே வருடத்தில் அடியென் என்ற டச்சு நிறுவனத்தோடு ஒப்பந்தம். பணம் இனி நேராக விற்பவரின் பேபால் கணக்குக்குப் போகாது, முதலில் உங்களிடம் வரும், நீங்கள் பிடித்துக்கொண்டது போக மீதி போகும். இந்த ஏற்பாடு வந்தபின் ஒரு விந்தை நடந்தது. உங்கள் தளத்தில் இன்று கூகுள் பே ஏற்கிறீர்கள். ஆமாம், அதே கூகுள். இடையில் அந்த நிறுவனம் திருந்திவிட்டதா? தவம் செய்ததா? ஒன்றுமில்லை. அதன் வழியே வரும் பணம் இப்போது உங்கள் கை பட்ட பிறகுதான் விற்பவரிடம் போய்ச் சேர்கிறது. அவ்வளவுதான்.

ஆகவே கிரிப்டோவின் மீது உங்களுக்குள்ள அருவருப்பும் கொள்கை சார்ந்தது என்று நம்புவதில் எனக்குச் சிரமம். அப்படி ஒரு அருவருப்பு இருப்பதாகவே தெரியவில்லையே! 2021 மே மாதம் என்எஃப்டி என்ற டிஜிட்டல் உடைமைச் சீட்டுகளை விற்க அனுமதித்தீர்கள். அதே மாதத்தில் உங்கள் தலைமை நிர்வாகி, கிரிப்டோவில் பணம் வாங்குவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பதாகத் தொலைக்காட்சியில் சொன்னார். 2022 ஜூனில் நோன்ஆரிஜின் என்ற மான்செஸ்டர் நிறுவனத்தை வாங்கினீர்கள். அது என்ன கடை? எதீரியம் பிணையத்தில் ஓவியங்கள் விற்கும் கடை. அங்கே செல்லுபடியாகும் நாணயம் ஈதர். ஆக, ஒரே முதலாளி, இரண்டு கடை: மான்செஸ்டர் கடையில் ஈதர் லட்சுமி, சான் ஹோசே கடையில் ஈதர் மூதேவி. பின்னர் அந்த மான்செஸ்டர் கடை மூடப்பட்டது வேறு விஷயம்.

பெரிய கடையிலேயே ஒரு சுற்று வந்தேன். பிட்காயின் என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது ஒரு காசு. தங்க நிறத்தில் முலாம் பூசியது, நடுவில் மேலும் கீழும் கொம்பு முளைத்த ‘பி’ எழுத்து, பின்புறம் மின்சுற்று போலக் கோடுகள், வட்டமான பிளாஸ்டிக் உறை. சில டாலர்தான். பிட்காயினுக்கும் அதற்கும் படம் தவிர யாதொரு சம்பந்தமும் இல்லை. அதைத் தாராளமாக விற்கலாம். பிட்காயின் தோண்டும் ஆன்ட்மைனர் இயந்திரங்கள் இருக்கின்றன, விற்கலாம். கிரிப்டோவைப் பூட்டிவைக்கும் கையடக்கக் கருவிகள் இருக்கின்றன, அவற்றையும் விற்கலாம். இந்தக் கருவிகளில் ஒரு திருட்டு வேலை உண்டு: சாவிச் சொற்களை முன்கூட்டியே நிரப்பி, ஒரு சுரண்டல் அட்டையில் அச்சடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். வாங்கியவர் அதுதான் முறை போலும் என்று நம்பித் தன் சேமிப்பை அதில் போடுவார். சொற்களை ஏற்கெனவே அறிந்தவன் அன்றிரவே துடைத்துக்கொண்டு போவான். உண்மையான பாதுகாப்புச் சிக்கல் இருக்குமிடம் இது. பணப்பையை யாரோ ஒருவரிடம் வாங்கலாம், பணம்தான் ஆபத்து என்பது நுட்பமான நிலைப்பாடு. எனக்குப் புரிய நாளாகும்.

பிட்காயின் பக்தர்கள் இதைப் படித்துத் துள்ளவேண்டாம். உங்களிடம் நல்ல காரணங்களும் இருக்கின்றன, அதுதான் என் ஆதங்கமே. கிரிப்டோவில் போன பணம் போனதுதான். உடைந்த குவளை வந்தால் வாங்கியவர் யாரிடம் போய் அழுவார்? பணத்தைத் திருப்பித் தருவதாக நீங்கள் கொடுக்கும் உத்தரவாதம் உங்கள் கையில் பணம் வந்தால்தான் நடக்கும். விலையும் நிலையாக நிற்பதில்லை. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடை 2016இல் பிட்காயினை ஆசையோடு வாங்கத் தொடங்கி, 2017 டிசம்பரில் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தியது. தொடக்கத்தில் 20 சென்டாக இருந்த பரிமாற்றச் செலவு 20 டாலரை நெருங்கிவிட்டது. பத்து டாலர் விளையாட்டுக்கு இருபது டாலர் வண்டிக்கூலி. போதாக்குறைக்கு 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேஃபேர் வழக்கில் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு, விற்பனை வரியை வசூலித்துக் கட்டும் வேலையை மாநிலங்கள் உங்கள் தலையில் கட்டியிருக்கின்றன. பணம் உங்கள் கண்ணில் படாமல் போனால் வரியை எங்கிருந்து பிடிப்பீர்கள்? இவையெல்லாம் நேர்மையான, கொஞ்சம் சலிப்பூட்டும் காரணங்கள். இவற்றைச் சொல்லியிருந்தால் நான் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் வாரச்சந்தையைக் குத்தகைக்கு எடுப்பவர் மூட்டைக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்குவார். கத்தரிக்காய்க்காரி முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பாள். ஆனால் அவளுடைய ஆன்ம நலனுக்காக வாங்குகிறேன் என்று குத்தகைக்காரர் ஒருநாளும் சொன்னதில்லை. நீங்கள் பெரும்பாலான பொருட்களுக்குச் சுமார் 13 சதவீதம் எடுக்கிறீர்கள். பொருளின் விலைக்கு மட்டுமா? தபால் செலவையும் சேர்த்து, அரசுக்குப் போகும் விற்பனை வரியையும் சேர்த்து, மொத்தத்தின் மேல். வரிக்கும் தரகு! இந்த ஒரு யோசனைக்காகவே உங்கள் படத்தை எங்கள் ஊர்ச் சந்தை வாசலில் மாட்டலாம். வெளியே பணம் கைமாறினால், ஏலத்தை ரத்து செய்துவிட்டு அந்தப் பதின்மூன்றையும் ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயம் உங்களுக்கு. நியாயமான பயம். வெட்கப்பட என்ன இருக்கிறது?

இன்னொன்றும் சொல்லவேண்டும். உங்கள் பத்திரமான வழி எல்லோருக்கும் திறந்திருந்ததா? பேபால் வழி இலங்கையிலிருந்து பணம் அனுப்பலாம், அங்கே பணம் பெற முடியாது என்ற நிலைதான் பல வருடங்கள். அந்தக் காலத்தில் இரத்தினபுரியில் நீலக்கல் வைத்திருந்தவர் உங்கள் தளத்தில் அதை விற்க நினைத்தால், வெளிநாட்டில் இருக்கும் மச்சானின் கணக்கைக் கடன் கேட்க வேண்டும். மச்சான் நல்லவராக இருக்க வேண்டும், மச்சானின் மனைவியும். அப்பேர்ப்பட்டவருக்குக் கிரிப்டோ இனித்தால் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவருடைய நாட்டு மத்திய வங்கி கிரிப்டோ வேண்டாமென்று திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது என்பதும் உண்மைதான். எச்சரிக்கிறவர்கள் யாரும் மாற்று வழியைத் திறந்துவிட்டு எச்சரிப்பதில்லை.

ஆகவே திருத்தத்துக்கு வருகிறேன். உங்கள் விதியின் முகப்பில் இருக்கும் பாசமான வாசகங்களை எடுத்துவிட்டு, கீழ்க்காணும் வாசகத்தைச் சேர்க்கக் கோருகிறேன். உங்கள் சட்டப் பிரிவு இதை மெருகேற்றிக்கொள்ளலாம்:

“இத்தளத்தில் நடக்கும் எந்த விற்பனையின் பணமும் முதலில் எங்களிடம் வரவேண்டும். எங்கள் தரகையும் அரசின் வரியையும் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவோம். எங்களிடம் வராத பணம் எதுவாக இருந்தாலும், அது காசோலையானாலும் கிரிப்டோவானாலும் சில்லறையை அட்டையில் ஒட்டி அனுப்பினாலும், கூடாது. எங்களிடம் வரத் தொடங்கிய நாளிலிருந்து கூடும்.”

இதைவிடத் தெளிவாக, இதைவிட மரியாதையாக, உங்கள் வரலாற்றோடு இதைவிடப் பொருந்தும்படி ஒரு விதி எழுத முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை. இதைப் படிக்கும் விற்பனையாளர் முணுமுணுப்பார். ஆனால் தன்னைக் குழந்தையாக நடத்துகிறார்கள் என்று நினைக்கமாட்டார்.

கடைசியாக ஒரு சிறு உதவி. உங்கள் பழைய பிள்ளை பேபால் 2020இலேயே கிரிப்டோ வாங்கவும் விற்கவும் இடம் கொடுத்து, 2023இல் சொந்தமாக ஒரு டிஜிட்டல் டாலரையும் வெளியிட்டுவிட்டது. நீங்களும் என்றாவது ஒரு கிரிப்டோ பணப்பை நிறுவனத்தை விலைக்கு வாங்காமல் இருக்கமாட்டீர்கள். வாங்கும்போது முந்தின நாள் சாயங்காலமே எங்களுக்கு ஒரு வரி தகவல் கொடுத்துவிடுங்கள். அது ஆபத்தானது, தொடாதே என்று வீட்டில் சிறுசுகளிடம் சொல்லிவைத்திருக்கிறோம். விடிந்ததும் பத்திரமானது என்று மாற்றிச் சொல்ல எங்களுக்கு ஒரு ராத்திரியாவது வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தரகைத் தகராறில்லாமல் கொடுக்கத் தயாராக உள்ள,
ஒரு வாடிக்கையாளன்.