மிதக்கும் பந்தியில் மழலையர்: மாமல்லபுரக் கடலோர ஊட்டுமுறை குறித்த ஓர் ஆய்வு

நடக்கத் தொடங்கிய நாள்முதல் மூன்று வயது நிறையும் நாள்வரையுள்ள குழந்தை இக்கட்டுரையில் மழலை எனப்படும். அம்மழலைக்கு உணவு கொடுப்பவர் தாயோ, தந்தையோ, பாட்டியோ, யாராயினும் ஊட்டுநர் எனப்படுவார். ஊட்டுநர் ஒருமுறை விரல்நுனியில் உருட்டி எடுக்கும் சோறு, அது வாய்க்குள் போனாலும் சட்டையில் விழுந்தாலும், ஒரு கவளம் என்றே எண்ணப்படும். இவை நிலத்தில் நிகழும்போது ஆராய்வதற்கு அதிகமில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தின் எந்தத் தெருவிலும் விளக்கு வைத்த பிறகு ஒரு கிண்ணமும் அதன் பின்னால் ஒரு பெண்மணியும் வீடுவீடாக நகர்ந்து செல்வதை யாரும் காணலாம். அதே கிண்ணம் நீரின்மேல் ஏறும்போதுதான், கப்பல் நிறுவனங்கள் நெடுங்காலமாகப் பேணிவரும் பந்தி ஒழுங்குக்கும் தமிழ்க் குடும்பத்தின் ஊட்டுமுறைக்கும் இடையே உள்ள அடிப்படை முரண்பாடு வெளிப்படுகிறது.

இக்கடலோரத்தில் நீர்மேல் உணவு என்பது இரு வகைப்படும். முதலாவது உப்பங்கழி வகை: சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 36 கிலோமீட்டரில் உள்ள முட்டுக்காட்டில், 1984 முதல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்திவரும் படகுக் குழாமை ஒட்டி அமைந்த, 125 அடி நீளமும் 25 அடி அகலமும் கொண்ட இரண்டடுக்கு மிதக்கும் உணவகக் கப்பல் இதற்குச் சான்று, அதன் கீழ்த்தளம் குளிரூட்டப்பட்டது, மேல்தளம் திறந்தவெளி. இரண்டாவது ஆழ்கடல் வகை: 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்த கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் இவ்வகையைச் சேர்ந்தது. 1990-இல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் கட்டப்பட்டு, பல கை மாறி வங்கக் கடலுக்கு வந்துசேர்ந்த இக்கப்பல் ஏறத்தாழ 210 மீட்டர் நீளமுடையது. சென்னையிலிருந்து தெற்கே புதுச்சேரியை நோக்கிச் செல்லும் எந்தக் கப்பலும் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் ஆகிய ஊர்களுக்கு நேர்கிழக்கே கடந்தாக வேண்டும் என்பதால், அதில் நிகழும் ஊட்டலும் இவ்வாய்வின் எல்லைக்குள் வருகிறது.

உல்லாசக் கப்பல்களின் மரபான உணவேற்பாடு இரண்டு பந்திகளைக் கொண்டது. மாலை ஆறு மணியை ஒட்டி முதற்பந்தியும், எட்டு மணிக்குமேல் இரண்டாம் பந்தியும் நடைபெறும். பயணிக்கு ஒதுக்கிய மேசை பயணம் முடியும்வரை அவருக்கே உரியது. குழந்தை உடையோர் முதற்பந்தியைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது பயண வழிகாட்டிகளின் ஒருமித்த அறிவுரை. மழலை ஆறு மணிக்கு உட்காரும், ஏழு மணிக்கு எழும், இடையில் உண்ணும் என்ற மூன்று அனுமானங்களின்மேல் எழுப்பப்பட்ட அறிவுரை அது. மூன்றில் எதற்கும் களச்சான்று இல்லை. மேலைக் கப்பல்கள் இதை ஒரு காலத்தில் வேறு வழியில் தீர்த்துவைத்தன. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே ஓடிய பி அண்டு ஓ கப்பல்களில் குழந்தைகளுக்குப் பெரியவர்களின் பந்திக்கு முன்பாகவே தனி உணவு பரிமாறப்பட்டது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் உடன் அழைத்துச் சென்ற ஆயாக்கள் ஊட்டுநராக அமர்ந்தனர். மதராஸ் ஆயாக்களுக்கு அக்காலத்தில் தனி மதிப்பு இருந்தது. கரை சேர்ந்தபின் கைவிடப்பட்டவர்கள் தங்குவதற்கு லண்டன் ஹாக்னியில் ஓர் இல்லமே நடந்தது என்றால், அந்தப் பந்தி ஒழுங்கின் அமைதிக்கு விலை கொடுத்தவர் யார் என்பது விளங்கும். இன்றைய கப்பலில் ஆயாவின் இடத்தில் பாட்டி இருக்கிறார். அவருக்கும் முழுக் கட்டணம் வாங்கப்படுகிறது.

இனி, ஊட்டலின் இயற்பியலுக்கு வரலாம். மழலை பசியால் வாய் திறப்பதில்லை, வியப்பால் திறக்கிறது. திறந்த கணத்தில் கவளத்தைச் செலுத்துவதே ஊட்டுநரின் கலை. அவ்வியப்பை உண்டாக்கும் பொருளைக் காட்டுவதற்குப் பராக்குக் காட்டுதல் என்று பெயர். இதன் தொன்மைக்கு மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பாறைச் சான்று உண்டு: அங்கே ஆயன் ஒருவன் பசுவின் மடியில் பால் கறந்துகொண்டிருக்க, பசுவோ அதைப் பற்றிக் கவலையின்றித் தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. மடியிலிருந்து பாலை எடுப்பதற்கு ஆயன் கையாளும் உத்தியும், வாய்க்குள் பருப்புச் சோற்றைச் செலுத்துவதற்கு ஊட்டுநர் கையாளும் உத்தியும் ஒன்றே, திசைதான் வேறு.

நிலத்தில் காக்கை, நாய், ஆட்டுக்குட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் பேருந்து எனப் பராக்குப் பொருள்களுக்குப் பஞ்சமில்லை. முட்டுக்காட்டு உப்பங்கழியிலும் நிலைமை மோசமில்லை. கொக்கும் நீர்க்காகமும் உண்டு, பாலத்தின்மேல் லாரி போகும், அருகில் மிதிபடகில் யாராவது நேராகச் செலுத்தத் தெரியாமல் வட்டமடித்துக்கொண்டிருப்பார். ஆழ்கடலிலோ நான்கு திசையிலும் தண்ணீர் மட்டுமே. முதல் கவளத்துக்குக் கடல் பயன்படும். இரண்டாவது கவளத்துக்கும் அதே கடலைக் காட்டினால் மழலை வாயை மூடிக்கொள்ளும். செல்போனை நம்பலாம் என்போர் கரையைவிட்டு விலகியதும் சிக்னல் போய்விடும் என்பதை மறந்தவர்கள். பாட்டுகளை முன்கூட்டியே தரவிறக்கி வைத்த தந்தை மட்டுமே அந்நேரத்தில் குடும்பத்தின் மதிப்புக்குரியவராகிறார். இரவில் நிலா உண்டு என்றாலும் அது மாதம் முழுவதும் பணிக்கு வருவதில்லை. அமாவாசை நாட்களில் மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தை அதற்குப் பதிலாகக் காட்டலாம். மின்னும்போது வாய் திறக்கிறது, அணையும்போது மூடுகிறது என்பதால் ஊட்டுநருக்குத் தாளம் தப்பாத கை வேண்டும்.

அடுத்தது இடப்பெயர்ச்சி. தமிழ் மழலை உண்ணும் இடம் என்று ஒன்று கிடையாது. உண்ணும் பாதை என்றே சொல்ல வேண்டும். முட்டுக்காட்டுக் கப்பலின் மேல்தளத்தை நீள்சதுரமாகவே கொண்டால் அதன் சுற்றளவு 300 அடி. முப்பது அடிக்கு ஒரு கவளம் என்று தாராளமாக வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்குப் பத்துக் கவளம். ஒரு கிண்ணம் நாற்பது கவளம் கொள்ளுமாயின் நான்கு சுற்று, அதாவது 1,200 அடி. மழலை நேர்கோட்டில் ஓடும் என்று கொண்ட கணக்கு இது. இடையில் உள்ள மேசைகளின் அடியில் புகுந்து வெளிவருவதையும், அந்நியர் தட்டிலிருந்து அப்பளம் எடுப்பதையும், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க மறுப்பதையும் சேர்த்தால் தொலைவு எங்கே போய் நிற்கும் என்று கணிப்பதற்கில்லை. கப்பலில் வைக்கப்படும் உயர நாற்காலி இக்கணக்கில் ஏன் சேர்க்கப்படவில்லை என்று கேட்கலாம். அதில் பெரும்பாலும் தாயின் கைப்பையே உட்கார்ந்திருக்கிறது.

கடல் நோய் பற்றி ஒரு சொல். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அலையாட்டத்தால் வரும் குமட்டல் பொதுவாக அண்டுவதில்லை என்பது மருத்துவம் அறிந்த செய்தி. வடகிழக்குப் பருவக்காற்றில் கப்பல் ஆடும்போது தந்தை படுத்துவிடுகிறார், தாய் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருக்கிறார், மழலை மட்டும் பசியோடு துள்ளுகிறது. அது தானாகவே சோறு கேட்கும் அரிய தருணமும் அதுதான், ஊட்டுவதற்கு ஆள் இல்லாத தருணமும் அதுதான்.

பஃபே மேசையின் உணவு வகைகளை விரிவாக ஆராயத் தேவையில்லை. பனீரும் நூடுல்ஸும் இறால் வறுவலும் எத்தனை அடுக்கில் இருந்தாலும், மழலைக்கு வேண்டியது நெய் விட்டுக் குழைத்த பருப்புச் சோறும், அது மறுக்கப்பட்டால் தயிர்ச் சோறும்தான். அவை இரண்டும் எவர்சில்வர் டப்பாவில், துணிப்பைக்குள், வீட்டிலிருந்தே கப்பலேறியிருக்கும்.

எனவே மழலைக்கென்று கப்பலில் உணவேற்பாடு எதுவும் தேவையில்லை என்பதே இவ்வாய்வு கண்டது. ஏற்பாடு தேவைப்படுபவர் ஊட்டுநர். இதற்கான மாதிரித் திட்டமும் மாமல்லபுரத்திலேயே, அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு அருகில், கல்லில் கிடைக்கிறது: குட்டிக்குப் பால் கொடுத்தபடி தாய்க்குரங்கு உட்கார்ந்திருக்க, அதன் பின்னால் அமர்ந்த ஆண்குரங்கு பொறுமையாகப் பேன் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஊட்டுநர் நடக்கவில்லை, குட்டி ஓடவில்லை, குடும்பத்தலைவர் வேறு மேசையில் இறால் தேடிப் போகவும் இல்லை. இவ்வளவு செம்மையான பணிப்பங்கீட்டை எந்தக் கப்பலின் முதற்பந்தியிலும் காண முடியவில்லை. அங்கே நடப்பது இதுதான்: தந்தை தட்டோடு திரும்பி வருவதற்குள் பந்தி முடிந்துவிடுகிறது, பணியாளர் மேசை விரிப்பை மாற்றத் தொடங்குகிறார், மழலை தோளில் தூங்கிப்போகிறது, முழுக் கட்டணம் செலுத்திய தாய், கிண்ணத்தின் அடியில் ஆறிக் கெட்டியான ஐந்தாறு கவளப் பருப்புச் சோற்றை, வீணாக்கக் கூடாதே என்று வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு இரவு உணவை முடிக்கிறார்.