கொஞ்சம் மௌனம் எடுத்துக்கிறேன்

வீட்டு ஸ்டூடியோக்காரரை அடையாளம் கண்டுகொள்வது எளிது. சித்திரை வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் ஃபேனை அணைத்து, ஜன்னல்களைச் சாத்தி, பீரோவைத் திறந்துவைத்து, உள்ளே தொங்கும் பட்டுப்புடவைகளைப் பார்த்து ஒருவர் உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தால் அவரேதான். வியாதி ஒன்றுமில்லை. வெறுஞ்சுவர் ஒலியைத் திருப்பி அடிக்கும். தொங்குகிற துணி வாங்கிக்கொள்ளும். இந்த உண்மைக்கு வந்து சேர்வதற்கு முன்னால் முட்டை அட்டை வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டியவர் அவர். முட்டையே நுழையாத வீடு. கட்டுக்கட்டாக அட்டை கேட்டதும் கடைக்காரர், “எத்தனை கோழி சார் வெச்சிருக்கீங்க?” என்று விசாரித்திருக்கிறார். அட்டை தெருச் சத்தத்தைத் தடுக்காது என்பது ஒட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. இன்னும் அது சுவரில்தான் இருக்கிறது. பிய்த்தால் பெயின்ட்டும் கூடவே வருகிறது.

நான் கிட்டத்தில் பார்த்துப் பழகிய ஸ்டூடியோக்காரர் நங்கநல்லூரில் இருக்கிறார். மின்வாரியத்தில் உதவிச் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: மனுஷர் நன்றாகப் பாடுவார். ஆயுத பூஜை அன்று ஆபீசில் அவர் பாட ஆரம்பித்தால் பொரிகடலையை வாயில் போட்டுக்கொள்ள மறந்து கேட்பார்களாம். 2020 ஊரடங்கில் பேரன் வந்து தாத்தாவின் லேப்டாப்பில் ஆடாசிட்டியை இறக்கிக் கொடுத்தான். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000இல் வெளிவந்த மென்பொருள், முழுக்க இலவசம். அந்த இலவசம்தான் ஆபத்து. காசு கொடுத்து வாங்கியிருந்தால் ஒரு மாதத்தில் அலுத்துப் போயிருக்கும்.

படுக்கையறை ஸ்டூடியோவாக மாறியபோது வீட்டில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை.

“ரஹ்மானும் வீட்டுக் கொல்லையிலதான் ஸ்டூடியோ கட்டினார். 1989ல பஞ்சதன். 1992ல ரோஜா. தெரியுமா?”

“அவர் கொல்லையில கட்டினாருங்க. நீங்க நான் படுக்கிற இடத்துல கட்டியிருக்கீங்க.”

முதலில் கையில் பிடித்துக்கொள்ளும் சாதாரண கரோக்கி மைக்தான் வைத்திருந்தார். அது வாய்க்கு நேரே வருவதை மட்டும் கேட்கும், மற்றதில் தலையிடாது. பிறகு யாரோ ஏற்றிவிட்டு, கண்டன்சர் மைக்கும் அதைச் செருக ஒரு சிவப்புப் பெட்டியும் வந்தன. மைக்குக்கு 48 வோல்ட் தனியாகக் கொடுக்க வேண்டும், பார்த்து சார் என்று கடைப் பையன் சொன்னதற்கு, “110 கேவியில கை வெச்சவன்கிட்ட வந்து 48 வோல்ட்டைப் பத்திச் சொல்றான்” என்று ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அந்த 48 வோல்ட்தான் அவரைச் சாய்த்தது. கண்டன்சர் மைக்குக்குப் பாரபட்சம் கிடையாது. பல்லி, பக்கத்து வீட்டு கிரைண்டர், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம், ‘பழைய இரும்பு, ஈயம், பித்தளை’ என்று ஆட்டோவில் கட்டிய ஸ்பீக்கர், மாடிப்படியில் மருமகளின் கொலுசு எல்லாவற்றையும் அவர் குரலுக்குச் சமமாக மதித்து உள்ளே அழைத்துக்கொண்டது. ஃபிரிட்ஜின் உறுமல் தாங்காமல் அதை அணைத்துவிட்டுப் பாடினார். திரும்பப் போட மறந்ததில் பால் திரிந்தது. மறக்காமல் இருக்கப் பெரிய ஒலிப்பதிவாளர்கள் ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள்: வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது. வெளியே கிளம்பும்போது சாவியைத் தேடி வந்தாக வேண்டுமே. இவரும் வைத்தார். அன்றிலிருந்து அவருடைய ஸ்கூட்டர் சாவி கொத்தமல்லிக் கட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது. என்ன வித்தியாசமென்றால், ரெக்கார்டிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டில் யாரும் இப்போது வேறெங்கும் தேடுவதில்லை.

இத்தனைக்கும் அடியில் ‘ஊம்’ என்று ஒரு முனகல். 50 ஹெர்ட்ஸ். நம் ஊர் மின்சாரத்தின் சொந்தக் குரல் அது, வயர் வழியாக வந்து பாட்டில் உட்கார்ந்துகொள்ளும். சர்வீஸ் முழுக்க அந்த ஐம்பது ஐம்பதாகவே இருக்க வேண்டும் என்று பாடுபட்டவருக்கு, இப்போது அதை விரட்டுவது வேலை. 50இல் வெட்டினால் 100இல் தெரிகிறது, 100இல் வெட்டினால் 150இல் தலை காட்டுகிறது. “வேலையில இருந்தப்பகூட இவ்வளவு ரெகுலரா சப்ளை பார்த்ததில்ல” என்கிறார்.

இரைச்சலை நீக்க மென்பொருளில் வழி இருக்கிறது. யாரும் பாடாத சில விநாடிகளைப் பதிவுசெய்து, ‘இதுதான் இரைச்சல்’ என்று அதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். அது அந்தச் சாயலில் உள்ளதையெல்லாம் பாட்டு முழுக்கத் தேடித் தணித்துவிடும். ஆகவே தினமும் சாயங்காலம் அந்த வீட்டில் ஒரு குரல் எழும்: “எல்லாரும் அஞ்சு செகண்ட் சும்மா இருங்க, கொஞ்சம் மௌனம் எடுத்துக்கிறேன்.” தாளிக்கப் போன கை நிற்கும். டிவி வாயடைக்கும். வந்த விருந்தாளி காபி டம்ளரை உதட்டருகே பிடித்தபடி அசையாமல் இருப்பார். இதுவரை சரி. ஆனால் தணிப்பதற்கும் ஓர் அளவு உண்டென்பதை ஸ்டூடியோக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். இரைச்சல் பாதி போனால் போதாது, பூண்டோடு ஒழிய வேண்டும். அளவைக் கூட்டிக்கொண்டே போனதில் இரைச்சலோடு குரலின் ஓரங்களும் போய், கிணற்றுக்குள் இறங்கிப் பாடுகிற மாதிரி ஆகிவிட்டது. “சுத்தமா இருக்கு பாத்தீங்களா?” என்றார். சுத்தமாகத்தான் இருந்தது, ஆள்தான் இல்லை.

கம்ப்ரஸர், ஈக்யூ பற்றியெல்லாம் அவர் எனக்குச் சொல்லித் தந்ததை இங்கே சொல்லப்போவதில்லை. கேட்ட ஒருவன் கஷ்டப்பட்டது போதும்.

வெட்டி ஒட்டுவதுதான் இந்த வகையறாவின் உயிர். ஏவிஎம்மிலும் பிற ஸ்டூடியோக்களிலும் அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் பதிவு செய்ததைப் பற்றி அவர் பேசினால் கண் கலங்கும். ஒருத்தர் வயலினில் பிசகினாலும் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து! அது தவம் சார், தவம்! இதைச் சொல்லிக்கொண்டே, செவ்வாய்க்கிழமை பாடிய பல்லவியில் வெள்ளிக்கிழமை பாடிய ஒரு ‘ழ’வை எடுத்துப் பொருத்திக்கொண்டிருப்பார். முதலில் அடி அடியாகப் பாடிச் சேர்த்தார். பிறகு சொல் சொல்லாக. இப்போது எழுத்து எழுத்தாக. தாளம் பின்தங்கினால் குரலைச் சுட்டியால் பிடித்து முப்பது மில்லிசெகண்ட் முன்னே நகர்த்திவிடலாம் என்று கண்டுபிடித்த நாளோடு தொடையில் தாளம் போடுவதையே நிறுத்திவிட்டார்.

அப்புறம் மூச்சு. நல்ல மைக்கில் பாடகர் மூச்சு இழுப்பது பெரிதாகக் கேட்கும். தொழில்காரர்கள் அதைக் கொஞ்சம் தணித்துவைப்பார்கள், அவ்வளவுதான். நம்மவர் ஒன்றுவிடாமல் வெட்டி எறிந்தார். ‘கேளடி கண்மணி’யில் எஸ்.பி.பி. மூச்சுவிடாமல் பாடுவதாக வருகிற சரணத்துக்காக 1990இல் ஊரே வியந்தது. இவர் நாலரை நிமிஷப் பாட்டை முழுசாக அப்படிப் பாடி முடித்தார். தொண்ணூறை நெருங்கும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினார். அந்த அம்மாள் கடைசி வரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னது: “ராசா, இந்த வயசுல இப்படி மூச்சை அடக்கிப் பாடாதடா. ரத்தக் கொதிப்பு வேற இருக்கு.”

சுருதி திருத்தும் கருவி கைக்கு வந்ததும் இன்னொரு கட்டம் தொடங்கியது. ஆட்டோ-டியூன் என்பது 1997இல் ஆண்டி ஹில்டெப்ராண்ட் கொண்டுவந்தது. அவர் அதற்கு முன் பூமிக்குள் அதிர்வலைகளை அனுப்பி எண்ணெய் எங்கே இருக்கிறதென்று கண்டறியும் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தவர். அதே மாதிரிக் கணக்கு பாடகரின் தொண்டையில் சுருதி எங்கே இருக்கிறதென்றும் சொல்லும் என்பது அவருடைய யோசனை. கருவிக்குத் தெரிந்த ஸ்தானங்கள் பன்னிரண்டு. பாடகர் இரண்டுக்கும் நடுவில் நின்றால் எது பக்கமோ அதற்குத் தள்ளிவிடும். எவ்வளவு வேகமாகத் தள்ள வேண்டும் என்பது நம் விருப்பம். 1998இல் ஷெர் பாடிய ‘பிலீவ்’ என்ற பாட்டில் அந்த வேகத்தை வேண்டுமென்றே உச்சத்தில் வைத்து, குரலை இயந்திரக் குரலாக்கி உலகம் பூராவும் ஓட்டினார்கள்.

நம்மவரும் உச்சத்தில்தான் வைத்தார். வைத்துவிட்டுப் பாடியது தோடி.

தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரம் இல்லை. ரிஷபத்தைத் தொட்டு, மத்திமத்தை எட்டிப் பார்த்து, இரண்டுக்கும் இடையில் அசைந்துகொண்டே இருந்தால்தான் அது தோடி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் அந்த ராகத்தை மணிக்கணக்கில் வாசித்தது அந்த அசைவை நம்பித்தான். கருவிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அசைவைக் கண்டதும் ஐயோ பாவம், வயசானவர் தடுமாறுகிறார் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் கையைப் பிடித்துப் பக்கத்துப் படியில் நிற்கவைத்துவிட்டது. வழுக்கிக்கொண்டு போக வேண்டிய குரல் தடக் தடக்கென்று ஏறி இறங்கியது. கேட்டு முடித்ததும் என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். “சுருதி ஒரு இடத்துலகூடப் பிசகல இல்ல?” என்றார். உண்மைதான். ராகத்தைத் தவிர எதுவும் பிசகவில்லை.

இப்படிச் செதுக்கிய பாட்டு கடைசியில் போய்ச் சேருவது குடும்ப வாட்ஸாப் குழுவுக்கு. அங்கே அத்தை அதைப் போன் ஸ்பீக்கரில், காய் நறுக்கியபடி கேட்பார். அடிநாதத்துக்காக அவர் எடுத்த பாடு எதையும் அந்தக் குட்டி ஸ்பீக்கரால் வெளியே சொல்ல முடியாது. ஒரு கும்பிடு, ஒரு ரோஜாப்பூ வரும். அதைப் பார்த்துவிட்டு, ‘ரிவெர்ப் கொஞ்சம் பத்தல போல’ என்று மறுபடி உள்ளே போய்விடுவார்.

ரிவெர்ப் விஷயத்தில் அவர் மேல் எனக்குக் கோபம் வராததற்குக் காரணம், உலகத்துப் பெரிய மனிதர்களும் இதே பைத்தியம் பிடித்தவர்கள். 1947இல் சிகாகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர் ஹார்மோனிக்காட்ஸ் குழுவின் இசைத்தட்டுக்குக் குளியலறையில் ஸ்பீக்கரை வைத்து எதிரொலி எடுத்தார். 1957இல் ஜெர்மனிக்காரர்கள் பெரிய இரும்புத் தகட்டை அதிரவிட்டு எதிரொலி செய்யும் பெட்டியை விற்றார்கள். அதன் எடை கால் டன்னுக்கு மேல். இப்போது எதையும் சுமக்க வேண்டாம். ஒரு கூடத்தில் சட்டென்று ஒரு வெடிச் சத்தம் எழுப்பி, அது அடங்கும் வரை பதிவுசெய்து கணினிக்குக் கொடுத்தால், உங்கள் குரலை அந்தக் கூடத்திலேயே பாடிய மாதிரி மாற்றித் தரும். சத்தம் எழுப்பப் பலூன் போதும்.

இதை அவர் படித்த மாதம் தை. தை என்றால் கல்யாண மண்டபங்கள்.

தாம்பரம் பக்கம் ஒரு முகூர்த்தத்துக்குச் சேர்ந்து போயிருந்தோம். முதல் நாள் வரவேற்பு முடிந்து இரவு பதினொன்றரை. மைக்செட் பையன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். நாற்காலிகளை அடுக்கி முடித்து ஹால் காலி. உயரமான கூரை, கிரானைட் தரை. நம்மவர் நாலு பக்கமும் கை தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. மேடை அலங்காரத்திலிருந்து பெரிய ரோஸ் நிறப் பலூன் ஒன்றைக் கழற்றி, கைக்கடக்கமான ரெக்கார்டரை ஹால் நடுவில் ஸ்டூல் மேல் வைத்து, என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். ஐந்து விநாடி மௌனம். பிறகு ஊக்கு.

மாடியில் விளக்குகள் எரிந்தன. மாப்பிள்ளையின் தாய்மாமன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். சமையல்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் அரிவாள்மனையை விட்டுவிட்டு வந்தார்கள். விஷயம் புரிந்ததும் தாய்மாமனுக்கு இன்னும் கோபம்: “விடிஞ்சா தாலி கட்டணும். இந்த நேரத்துல உடைக்கிறதுக்கு வேற எடம் கெடைக்கலியா உங்களுக்கு?” கடைசியாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவர் மண்டப மேனேஜர்.

“ஒண்ணுமில்ல சார். இந்த ஹாலோட எதிரொலி பிரமாதமா இருக்கு. அதை மட்டும் எடுத்துட்டுப் போறேன்.”

மேனேஜர் கொஞ்ச நேரம் யோசித்தார். “மண்டபத்துலேர்ந்து எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாது சார். வாடகை ரசீதுக்குப் பின்னாடியே போட்டிருக்கு.”

எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே படுக்கப் போனார்கள். அதுவரை ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மைக்செட் பையன் மெதுவாக ஸ்டூலருகே வந்தான். ரெக்கார்டரின் சின்னத் திரையில் சிவப்பு விளக்கு அணையாமல் நின்றது.

“சார், லெவல் ஏறிப் போயி கிழிஞ்சிருச்சு. மைக்கைக் கொஞ்சம் தள்ளி வெச்சிருக்கணும்” என்றான். மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: “இன்னொரு பலூன் அவுக்கட்டுமா?”