நடப்பதற்கு 50 கிலோமீட்டர்

காஞ்சிபுரத்தில் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் 1970களில் 'வாக்கிங்' போன ஆள் ஒருவர்கூடக் கிடையாது. நடந்தவர்கள் எல்லாரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள், அல்லது ஏதோ ஒரு வேலை செய்துகொண்டிருந்தார்கள். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுவார்கள். மூன்று புடவைக்கான பட்டிழை தெரு நீளத்துக்கு விறைப்பாக நிற்கும். அதற்குக் கஞ்சி தோய்த்து, சிக்கெடுத்து, அறுந்த இழையை முடிந்தபடி அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். அதை நடை என்று அவர்கள் நினைத்ததே இல்லை. பாவு முடிந்து, அப்பா தறிக்குழிக்குள் காலை இறக்கினால் பொழுது சாய்ந்துதான் எழுவார். கோர்வைப் புடவை என்றால் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். அப்பாவுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிவிட்ட பையன் நான்தான். சம்பளம் பேசப்படவில்லை, இன்றுவரை பாக்கிதான்.

அம்மாவின் நடையெல்லாம் சாமி கணக்கில் போனது. வைகாசி கருட சேவைக்குச் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம் வரை வரதராஜப் பெருமாளுக்குப் பின்னால் கூட்டத்தோடு கூட்டமாக நடப்பாள். சித்ரா பௌர்ணமிக்கு வரதர் ஊரைவிட்டே கிளம்பி, ஐயங்கார்குளத்தில் கடல்போலக் கிடக்கும் சஞ்சீவிராயர் கோயில் குளத்தருகே தரைக்கடியில் இருக்கிற நடவாவிக் கிணற்று மண்டபத்தில் இறங்கி, அப்படியே பாலாற்றுக்கும் போய்த் திரும்புவார். நீர்நிலைகளைச் சுற்றிக் காலாறப் போய்வரும் பழக்கம் எங்கள் ஊரில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. அவரும் நடக்கவில்லை, ஆட்கள் தோளில் போனார்.

இப்போது எனக்குச் சர்க்கரை. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருவில் நடக்கலாம் என்றால் பாவு நீட்டிய இடத்தில் இரு பக்கமும் பைக் நிற்கிறது. தறியில் உட்கார வேண்டிய பையன்களை விடியற்காலையில் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஏற்றிப் போகக் கம்பெனி பஸ் வருகிறது. அதற்கு வழி விட்டு நிற்பதிலேயே பாதிக் காலை போய்விடும். மகன் என் போனில் அடி எண்ணும் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். பிறகு அவனே ஒரு யோசனையும் சொன்னான்: "அப்பா, நல்ல காத்து, நிழல், மேடு பள்ளம் இல்லாத பாதை. ஞாயித்துக்கிழம வேடந்தாங்கல் போய் நடந்துட்டு வரலாம்."

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் வழியாக வேடந்தாங்கல் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். போக ஒன்று, வர ஒன்று. அங்குள்ள ஏரிக்கரையில் நடப்பதென்னவோ சோம்பேறிக்கும் கால் வலிக்காத தூரம்தான். மனிதன் நடப்பதற்காக 100 கிலோமீட்டர் கார் ஓட்டும் காலம் வரும் என்று சொல்லியிருந்தால் அப்பா நாடாவை நிறுத்திவிட்டுச் சிரித்திருப்பார்.

அந்த ஏரி எனக்குப் புதிதல்ல. தாய்மாமன் ஊர் அதற்குப் பக்கத்துக் கிராமம். தறிக்கு விடுமுறை விடும் அபூர்வ நாட்களில் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போவேன். அப்போது அதற்குப் பாதை என்று பெயர் இல்லை, ஏரிக்கரை அவ்வளவுதான். மதகு திறக்கப் போகிறவர், மாட்டை ஓட்டிப் போகிறவர், புல்லுக்கட்டு சுமக்கிற பெண்கள் எல்லாருக்கும் அதுவே வழி. நம் நாட்டு ஏரிக்கரைகளில் சொம்போடு போகிறவர்களுக்கும் வழி உண்டு என்பதை நாகரிகம் கருதி ஓரமாகச் சொல்லி வைக்கிறேன்.

மாமாவுக்கு ஒரே சட்டம்தான். "மாப்ளே, கரை ஏறினா வாய மூடிக்கினு வரணும். கூட்டுல முட்ட கீது." கரையிலிருந்து பார்த்தால் காடு தண்ணீருக்குள்ளேயே நிற்கும். நீர்க்கடம்பும் கருவேலமும் இடுப்பளவு நீரில் நிற்க, கிளைக்கு இடமில்லாமல் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு வைத்திருக்கும். நத்தைகுத்தி நாரை வயலில் நத்தை பொறுக்கிவிட்டுத் திரும்பும். கரண்டிவாயன் சேற்றைத் துழாவும். எனக்கு அவற்றின் பெயர்கள் தெரியாது. மாமாவுக்கும் எல்லாவற்றுக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது எச்சத்தின் கணக்கு. அத்தனை பறவையும் இட்ட எச்சம் ஏரியில் கலந்து, அந்தத் தண்ணீர் மதகு வழியே வயலுக்குப் போகிறது. "உரக்கடைக்காரன் நம்ம ஊரப் பாத்தா மூஞ்ச திருப்பிக்குவான்" என்பார்.

ஊர் பறவையைக் காத்ததற்கு அன்பு ஒரு காரணம் என்றால் நெல் இன்னொரு காரணம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லாபமும் பாசமும் ஒரே கரையில் நடந்ததால்தான் அந்த ஏற்பாடு இத்தனை காலம் நிலைத்தது என்பது என் எண்ணம். 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டு, யாரும் சுடக்கூடாது என்று எழுத்து வாங்கினார்கள். அப்போதிருந்த கலெக்டர் லயனல் பிளேஸ். மதுராந்தகத்தில் ஏரி உடையாமல் ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நின்றதைக் கண்டதாகச் சொல்லப்படும் ஏரிகாத்த ராமர் கதையின் துரையும் அவர்தான். எங்கள் வரதர் கோயில் விவகாரங்களிலும் அவர் பெயர் அடிபடும். கம்பெனி ஆட்சி வரி பிடுங்கியதுதான் வரலாறு முழுக்க. ஆனால் இந்த மனிதர் பெயர் மட்டும் எங்கள் பக்கத்தில் சாமியோடும் ஏரியோடும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிறகு அரசாங்கம் ஆற அமர வந்தது. 1936இல் சரணாலயமாக ஏற்றது. 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. 2020இல், சரணாலயத்துக்கு ஏரியைச் சுற்றி இருந்த ஐந்து கிலோமீட்டர் எல்லையை மூன்றாகச் சுருக்கலாம் என்ற யோசனையும் எழுந்து, எதிர்ப்பும் கிளம்பியது. இதற்கிடையில் ஏரி ஓர் அடிகூட நகராமல் மாவட்டம் மாறிக்கொண்டே இருந்தது: நான் சிறுவனாகப் பார்த்தபோது செங்கல்பட்டு மாவட்டம், 1997இல் காஞ்சிபுரம் மாவட்டம், 2019 நவம்பரில் மறுபடி செங்கல்பட்டு. எங்களில் நிறைய நடந்தது அந்த ஏரிதான்.

ஞாயிற்றுக்கிழமை மகன், மருமகள், பேத்தியோடு போனோம். வழியில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் காரை நிறுத்தச் சொன்னேன். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, அந்தச் சுவர்களில்தான் இருக்கின்றன. தேர்தல் என்ற பகுதியைத்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்ளவென்றே ஆறு பேர். 35 வயதுக்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது, அவன் சொந்தக்காரனும் முடியாது. டாக்டர்கள் நடக்கச் சொல்லும் வயதும் கிட்டத்தட்ட அதேதான் என்று பேத்தியிடம் சொன்னேன். அந்த வயதுக்காரர்கள் அன்று கரையை மேற்பார்த்தார்கள், இன்று கரையில் அடி எண்ணுகிறார்கள். அவள் சிரிக்கவில்லை. மருமகள் மட்டும் மரியாதைக்குச் சிரித்தாள்.

வேடந்தாங்கலில் கார் நிறுத்தும் இடம் பாதி நிரம்பியிருந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். மாமா மண்ணில் நடந்த கரையில் இப்போது சீரான நடைபாதை, உட்காரப் பெஞ்சு, ஏறிப் பார்க்கக் கோபுரம், பறவைகளின் படத்தோடு பெயர்ப்பலகை. மாமாவுக்குத் தெரியாத பெயர்களையெல்லாம் நான் அன்று படித்துத் தெரிந்துகொண்டேன். குறை சொல்ல மாட்டேன். அமைதி காக்கச் சொல்லியும் பலகை உண்டு. அதற்கு நேர் கீழே, ஒரே நிறத்தில் டீஷர்ட் போட்ட நடைக்குழு ஒன்று ஸ்பீக்கரில் பாட்டு வைத்துக் கைகாலை உதறிக்கொண்டிருந்தது. காவல்காரர் வந்து, "சார், பாட்டு வாணாம் சார்" என்றார். "சின்ன சவுண்டுதான்பா, பறவைக்கும் புடிக்கும்" என்று பதில் வந்தது. மாமாவாக இருந்தால் பதிலுக்கு இடமே வைத்திருக்க மாட்டார். அவர் திட்டின் சத்தத்துக்கும் பறவைகள் எழும்பியதில்லை என்பது தனி அதிசயம். காவல்காரருக்கு அந்த உரிமையைச் சம்பளத்தோடு யாரும் கொடுக்கவில்லை.

மகன் போனைப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தான். பேத்திதான் நின்றாள். ஒரு கூழைக்கடா தண்ணீரைத் தொடுமளவுக்குத் தாழப் பறந்து வந்து, கடப்ப மரத்து உச்சியில் தன் பாரத்தை இறக்கப் படாதபாடு பட்டதை அவள் அசையாமல் பார்த்தாள். அவளுக்காக நானும் நின்றேன். அதனால் என் அடி கணக்கு குறைந்தது. திரும்பி வந்து மந்தாரை இலையில் கட்டியிருந்த காஞ்சிபுரம் இட்லியைச் சாப்பிட்டதில், நடந்து கரைத்ததெல்லாம் வட்டியோடு திரும்பிவிட்டது என்று மருமகள் கணக்குச் சொன்னாள்.

எனக்குப் பாதை மேல் கோபமில்லை. முதியவர்களும் முழங்கால் வலிக்காரர்களும் தடுமாறாமல் போய்ப் பார்க்க முடிகிறதே, அது நல்லதுதான். ஆனால் அந்தப் பாதை ஏரி கொடுத்த இனாம். வரத்துக்கால்வாய் அடைந்து, வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தால் ஏரியில் தண்ணீர் நிற்காது. அடியில் தண்ணீர் நிற்காத மரத்தில் நாரை கூடு கட்டாது. 2016இல் தமிழ்நாடு முழுக்க மழை பொய்த்தபோது ஏரிகள் எப்படிக் கிடந்தன என்று நாம் பார்த்தோம். பெஞ்சும் கோபுரமும் அப்போதும் இருக்கும்.

போகிறவர்கள் மழை நன்றாகப் பெய்த ஆண்டில், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். விடிந்ததும், இல்லையென்றால் பறவைகள் கூடு திரும்பும் மாலை நேரத்தில். நேரமிருந்தால் கரிக்கிலிக்கும் ஒரு நடை. அங்கே வாத்துகள் அதிகம், கூட்டம் குறைவு. ஸ்பீக்கரைக் காரிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள். காவல்காரர் ஏதாவது சொன்னால், அவரை என் மாமா என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நடங்கள்.