கேக்கில் குழி விழுந்தால் யார் குற்றம்?

கேள்வி: எடை மெஷின் இல்லாமல், வீட்டு டம்ளரால் அளந்து பிறந்தநாள் கேக் செய்ய முடியாதா?

பதில்: முடியும், செய்முறை எழுதியவர் வீட்டிலும் அதே டம்ளர் இருந்தால். அமெரிக்கச் செய்முறைகள் சொல்லும் ‘கப்’ சுமார் 240 மில்லி பிடிக்கும் அளவுக் கோப்பை. நம் வீட்டு டம்ளர்களோ ஆளுக்கொரு அளவு. சரியான கப் கிடைத்தாலும் வில்லங்கம் தீராது. மைதாவைக் கரண்டியால் மெல்ல அள்ளிப் போட்டு நிரப்பினால் ஒரு கப் 120 கிராம் சொச்சம் வரும். டப்பாவுக்குள் கப்பையே விட்டு அழுத்தி முகந்தால் 150 கிராம் வரும். மூன்று கப் மைதா கேட்கும் கேக்கில் இப்படி முக்கால் கப் மாவு சத்தமில்லாமல் கூடிவிடும். அப்புறம் கேக் வறண்டு உதிர்கிறது, பழி முட்டைமேல் விழுகிறது. கரண்டியிலும் கவனம் வேண்டும்: தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15. ஆஸ்திரேலியச் செய்முறை என்றால் மேசைக்கரண்டி 20 மில்லி. நானூறு, ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிவிட்டால் இந்தக் கேள்விக்கே வேலையில்லை.

கேள்வி: ஆப்ப சோடா வீட்டில் இருக்கும்போது பேக்கிங் பவுடருக்குத் தனியாகச் செலவு எதற்கு?

பதில்: ஆப்ப சோடா தனியாக வேலை செய்யாது. தயிர், வினிகர், எலுமிச்சைச் சாறு என்று ஏதாவது புளிப்பு சேர்ந்தால்தான் ஒழுங்காக நுரைக்கும். பேக்கிங் பவுடரில் சோடாவும் அதற்கான அமில உப்பும் கொஞ்சம் ஸ்டார்ச்சும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. சோடாவின் வீரியம் பவுடரைப்போல மூன்று, நான்கு மடங்கு. பவுடருக்குப் பதில் அதே அளவு சோடா போட்டால் கேக் கருத்து, சோப்பு வாடை அடிக்கும். சோடாவுக்குப் பதில் அதே அளவு பவுடர் போட்டால் தட்டையாக நிற்கும். முட்டை இல்லாத கேக்குக்குத் தயிரும் சோடாவும் கலந்தவர்கள் அதை ஓரமாக வைத்துவிட்டுப் போன் பேசப் போகக் கூடாது. நுரை அடங்குவதற்குள் டின் ஓவனுக்குள் போயாக வேண்டும். பரணில் கிடந்த பேக்கிங் பவுடர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, அரை டம்ளர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி போட்டால் போதும். பொங்கவில்லை என்றால் அது குப்பைக்கு.

கேள்வி: செய்முறையில் 350 டிகிரி என்று இருக்கிறது. ஓடிஜியிலோ 250க்கு மேல் எண்ணே இல்லையே?

பதில்: அது ஃபாரன்ஹீட். செல்சியஸில் ஏறக்குறைய 177. குமிழைக் கடைசிவரை திருகி வைத்தவர்களுக்கு மேலே கரியும் உள்ளே கூழும் கிடைக்கும்.

கேள்வி: கேக்கின் மேல்பக்கம் குமிழ்ந்து, நடுவில் வெடித்துவிடுகிறதே?

பதில்: சூடு அதிகம். டின்னை ஒட்டிய ஓரம் முதலில் வெந்து இறுகிவிடுகிறது. நடுவிலுள்ள மாவு இன்னும் இளகலாக இருக்கிறது. உப்ப அதற்குப் பக்கவாட்டில் இடமில்லை, அதனால் மேல்நோக்கிக் கிளம்பி, ஏற்கெனவே காய்ந்துவிட்ட மேல்தோலைக் கிழித்துக்கொண்டு வருகிறது. சூட்டை 160க்கு இறக்கி, கூடுதல் நேரம் வேகவிடுவது முதல் வழி. நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை நாலாக மடித்து டின்னைச் சுற்றிக் கட்டுவது இன்னொரு வழி. ஓரம் சூடேறுவது அதனால் தாமதப்படும். இரண்டும் பலிக்காவிட்டால் ரம்பக் கத்தியால் மேடு வெட்டப்படும். வெட்டிய துண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குப் போவதால், இந்தப் பிழையைப் பற்றி வீட்டில் யாரும் புகார் சொல்வதில்லை.

கேள்வி: மேடுகூடப் பரவாயில்லை. குழி விழுகிறதே, அதற்கு யார் குற்றம்?

பதில்: பெரும்பாலும், எட்டிப் பார்த்தவர் குற்றம். வேகும்போது மாவுக்குள் இருக்கும் காற்றுக் குமிழ்கள் விரிகின்றன. அவற்றைச் சுற்றியுள்ள சுவரை முட்டையின் புரதமும் மைதாவின் ஸ்டார்ச்சும் வெந்து கெட்டிப்படுத்த வேண்டும். அதற்கு முன்பே கதவைத் திறந்தால் உள்ளே சூடு சரிந்து குமிழ்கள் சுருங்குகின்றன, சுவர் கூடவே சாய்கிறது. மொத்த நேரத்தில் முக்கால் பங்கு கழியும்வரை கண்ணாடி வழியே பார்ப்பதோடு நிற்பது உத்தமம். பேக்கிங் பவுடர் கூடினாலும் குழி விழும்: குமிழ்கள் அளவுக்கு மீறிப் பெருத்து, ஒன்றோடொன்று கலந்து உடைந்துபோகும். மூன்றாவது காரணம் அரைவேக்காடு. பல்குச்சியை நடுவில்தான் குத்திப் பார்க்க வேண்டும், ஓரத்தில் அல்ல. ஓரம் எப்போதும் நல்ல சேதிதான் சொல்லும்.

பாதியில் மின்சாரம் போனால் முதல் விதி கதவைத் தொடாமல் இருப்பது. உள்ளே இருக்கும் சூடு கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். குழி விழுந்தே விட்டால் அதில் கிரீமை நிரப்பிச் சமன் செய்யலாம். மேலிருந்து பார்க்கும் விருந்தினருக்குத் தெரியாது, வெட்டுகிறவருக்குத் தெரியும்.

கேள்வி: கோயம்புத்தூரில் தவறாமல் வரும் கேக் ஊட்டியில் மட்டும் அமுங்கிப்போவது ஏன்?

பதில்: ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் குறைந்த இடத்தில் மாவுக்குள்ளிருக்கும் வாயு வேகமாக விரியும், ஈரமும் சீக்கிரம் வெளியேறும். சுவர் இறுகும் முன்பே கேக் முழு உயரத்துக்கு எழும்பி, பிறகு உட்கார்ந்துவிடும். பேக்கிங் பவுடரில் கால் பங்கைக் குறைத்து, சர்க்கரையைச் சற்றுக் குறைத்து, பாலையோ தண்ணீரையோ இரண்டு மேசைக்கரண்டி கூட்டி, சூட்டைப் பத்து டிகிரி ஏற்றிப் பார்க்கலாம். கொடைக்கானலுக்கும் இதே கணக்குதான்.

கேள்வி: அன்னாசி கேக்குக்குப் புத்தம் புதுப் பழம் வாங்கியும், ஜெலட்டின் போட்ட நடு அடுக்கு தண்ணீராக ஓடிவிட்டதே? டின் பழம் போட்டபோது நன்றாகத்தானே உறைந்தது?

பதில்: பழம் புதிதாக இருந்ததுதான் கெடுதல். பச்சை அன்னாசியில் புரோமிலைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தைத் துண்டாடுவது அதன் தொழில். ஜெலட்டின் முழுக்கப் புரதம், ஆகவே இரவெல்லாம் ஃபிரிட்ஜில் இருந்தாலும் உறையாது. பப்பாளியும் கிவியும் இதே வேலையைச் செய்யும். டின்னில் அடைக்கும்போது பழத்தைச் சூடாக்குவதால் நொதி செயலிழந்துவிடுகிறது. வீட்டில் நறுக்கிய பழத்தைச் சர்க்கரையோடு சில நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தாலும் அதே பலன் உண்டு. பாலில் எடுத்த கிரீமோடு பச்சைத் துண்டுகளைக் கலந்து வைத்தால் சில மணி நேரத்தில் கசப்பு தட்டுவதும் இந்த நொதியின் கைங்கரியம்தான், பால் கெட்டுப்போனதாகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது வீண்.

சைனா கிராஸ் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. அது கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர். புரதம் இல்லாததால் நொதிக்கு அங்கே வேலை இல்லை. ராமநாதபுரம் கடலோரத்துப் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி இதற்காகத்தான் போகிறது. சைவ விருந்தாளிகள் இருக்கும் வீட்டில் ஜெலட்டினைப் பற்றிய விளக்கமும் மிச்சம்.

கேள்வி: பிரஷ் கிரீமை அரைமணி நேரம் அடித்தும் நுரைக்கவே இல்லை. மிக்ஸி கோளாறா?

பதில்: மிக்ஸியின்மேல் குற்றமில்லை. சமையலுக்கு விற்கும் பிரஷ் கிரீமில் கொழுப்பு பொதுவாக 25 சதவீதம். அடித்து நிறுத்தக் குறைந்தது 30 வேண்டும், 35 இருந்தால் நல்லது. பாத்திரமும் கிரீமும் சில்லென்று இருக்க வேண்டும். நின்ற பிறகும் விடாமல் அடித்தால் கிரீம் திரிந்து வெண்ணெயாகிவிடும். சப்பாத்திக்கு ஆகும், கேக்குக்கு ஆகாது. சென்னையில் மே மாத வெயில் நாற்பதைத் தொடும்போது, 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும் வெண்ணெயில் செய்த பட்டர்கிரீம் ரோஜா மொட்டாக நிற்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை. வீட்டில் கேக் செய்து விற்பவர்கள் தாவரக் கொழுப்பு விப்பிங் கிரீமுக்கு மாறியது இதனால்தான். ருசியில் அது பால் கிரீமுக்குப் பக்கத்தில்கூட வராது, ஆனால் நிற்கும். எந்தக் கிரீமாக இருந்தாலும் கேக் முழுக்க ஆறிய பிறகே பூச வேண்டும். ‘லேசான சூடுதான்’ என்ற சமாதானத்தைக் கிரீம் ஏற்பதில்லை.

கேள்வி: இரண்டு அடுக்குக் கேக்கில் மேல் அடுக்கு சாய்ந்து, கீழ் அடுக்கு பிதுங்கியது ஏன்?

பதில்: ஒரு கிலோ எடையை ஸ்பாஞ்ச் தாங்காது. மேல் கேக்கின் அடியில் அட்டை போர்டு இருக்க வேண்டும். கீழ் கேக்கில் நாலைந்து கெட்டியான ஸ்ட்ராக்களையோ மரக் குச்சிகளையோ கிரீம் மட்டத்துக்குச் சரியாக நறுக்கிச் செருக வேண்டும். எடை அவற்றின்மேல் இறங்கும். நீளத்தில் ஒன்று மட்டும் கூடிப்போனாலும் மேல் அடுக்கு அந்த இடத்தில் தூக்கிக்கொள்ளும்.

கேள்வி: பெயர் எழுதும்போது கடைசி எழுத்துகளுக்கு இடமே இல்லாமல் போகிறதே?

பதில்: கிருஷ்ணமூர்த்திகள் உள்ள வீட்டில் இது நடந்தே தீரும். பட்டர் பேப்பரில் கேக்கின் வட்டத்தை வரைந்து, பெயரின் நடு எழுத்தை வட்டத்தின் நடுவில் வைத்து ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டால் பிழைக்கலாம். தமிழில் எழுதுவோருக்கு மெய்யெழுத்தின் புள்ளி கூடுதல் சோதனை: பைப்பிங் பையை அழுத்தும் கை சற்றுப் பலமாக இருந்தால் புள்ளி சொட்டாக விழுந்து எழுத்தையே மூடிவிடும். உருக்கிய சாக்லேட்டால் பேப்பரிலேயே எழுதி, ஃபிரிட்ஜில் இறுகவிட்டு, உரித்து எடுத்து வைப்பதே பத்திரம். உருக்கும் பாத்திரத்தில் ஒரு துளி தண்ணீர் பட்டாலும் சாக்லேட் திரண்டு மண்ணாகிவிடும். அப்படியானால் சூடான கிரீமைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிக் கலக்கிக் கனாஷ் ஆக்கிவிடலாம்.

கேள்வி: மண்டபத்துக்கு எப்படி எடுத்துப் போவது?

பதில்: ஸ்கூட்டரில் வேண்டாம். காரில் என்றால் இருக்கையில் அல்ல, கால் வைக்கும் தரையில். இருக்கை பின்பக்கம் சரிவாக இருக்கும், மடியில் வைத்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் மடி அசையும். பெட்டிக்கு அடியில் ரப்பர் மேட், ஏசி முழு வேகத்தில், பெட்டியின் உயரம் கேக்கைவிட இரண்டு அங்குலமாவது கூடுதல். சர்க்கரை மாவுப் போர்வை போர்த்திய கேக் ஃபிரிட்ஜிலிருந்து நேரே வெளியே வந்தால் வியர்க்கும். துடைத்தால் சாயம் இழுபடும், மின்விசிறிக் காற்றில் தானே காயவிட வேண்டும். இரண்டு அடுக்கையும் தனித்தனிப் பெட்டியில் கொண்டுபோய், மண்டபத்து மேசையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பதே வழக்கம். வைக்கும்வரை விருந்தினர்களை ஐஸ்கிரீம் பக்கம் அனுப்பிவிடுவார்கள்.