கவர்னரின் மரக்காலும் கணபதி கோயில் தோசையும்

நியூயார்க் நகரத்தில் ஃபிளஷிங் என்று ஒரு ஏரியா. சைனீஸ் போர்டு, கொரியன் போர்டு... இங்கிலீஷைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்! அங்கே பவுன் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு. நகைக்கடை வீதி என்று கிளம்பிவிடாதீர்கள். பவுன் என்பது ஓர் ஆசாமியின் பெயர்!

அவருக்கு முன்னால் வில்லனைப் பார்த்துவிடுவோம். பீட்டர் ஸ்டைவசன்ட். அப்போது டச்சுக்காரர்கள் வசமிருந்த இந்தப் பகுதிக்கு 1647-ல் டச்சுக் கம்பெனி அனுப்பிய கவர்னர். கரீபியன் தீவு ஒன்றில் ஸ்பெயின்காரர்களோடு மோதப் போய், பீரங்கிக் குண்டுக்கு வலது காலைக் கொடுத்துவிட்டு வந்தவர். பதிலுக்கு வெள்ளிப் பூண் போட்ட மரக்கால். கால் போனால் என்ன, ஸ்டைல் போகலாமோ!

அப்போது ஃபிளஷிங் வெறும் பண்ணை நிலம். கவர்னரின் ஆசையும் சிம்பிள்தான்: ஊர் முழுக்க ஒரே சர்ச், அதுவும் அவருடைய சர்ச். யூதர்களா? வெளியே. லூதரன்களா? மூச்! க்வேக்கர்களா? வீட்டுத் திண்ணையில்கூட ஏற்றாதே. (இந்த இரு கூட்டமும் கிறிஸ்தவர்கள்தான், பிரிவுதான் வேறு!) வாட்ஸ்அப் க்ரூப் அட்மின்கள் தோற்றார்கள்!

1657-ல் ஃபிளஷிங்வாசிகள் 30 பேர் க்வேக்கர்களுக்காக மனு எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், அதில் ஒருவர்கூட க்வேக்கர் இல்லை. (நம் அபார்ட்மென்டில் மோட்டார் ரிப்பேருக்கே 30 கையெழுத்து சேராது.) கவர்னர் மனுவைப் படித்தார். கொண்டுவந்த ஷெரீஃபையே உள்ளே தள்ளினார்!

1662-ல் என்ட்ரி ஆகிறார் ஜான் பவுன், விவசாயி. தன் வீட்டில் க்வேக்கர்களைக் கூட்டம் போட விட்டார். அபராதமா? 'கட்ட மாட்டேன்!' கடுப்பான கவர்னர் அவரை ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றினார். புத்திசாலி! அங்கேதானே ஹெட் ஆபீஸ்? பவுன் ஆம்ஸ்டர்டாம் போய்ப் புகார் கொடுத்துவிட்டார். 1663-ல் கம்பெனியிடமிருந்து கவர்னருக்கு டோஸ்: அவரவர் சாமியை அவரவர் கும்பிடட்டும், ஆளை விரட்டாதே. மனசாட்சி ஒரு பக்கம், குடியேற ஆள் வராமல் போய்விடுமோ என்ற பயம் மறுபக்கம்!

1664-ல் ஊரைப் பிடிக்க இங்கிலீஷ் கப்பல்கள் வந்து நின்றன. மரக்கால் மன்னர் சண்டைக்குத் துடித்தார். 'சரணடையுங்கள்' என்று ஊரே மனு கொடுத்தது. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் அவர் பெற்ற பிள்ளை!

ஊரை ஒப்படைத்துவிட்டு ரிட்டயரான ஸ்டைவசன்ட் தன் பண்ணையில் செட்டிலானார். பண்ணைக்கு டச்சில் 'பவ்வெரி'. சாராயக் கடைகளுக்கு டைம் வைத்துப் பூட்டுப் போட்ட மனிதர் அவர். பிற்காலத்தில் பவ்வெரி தெரு எதற்குப் பேர்போனது தெரியுமா? குடிகாரர்களுக்கு!

1898-ல் ஃபிளஷிங்கை நியூயார்க் விழுங்கியது. 1965-ல் குடியேற்றச் சட்டம் தளர்ந்ததும் ஆசியாவே பெட்டி கட்டியது. நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? 1977 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, அதே பவுன் தெருவில் மகாவல்லப கணபதிக்குக் கும்பாபிஷேகம்! கோயிலின் அடித்தளத்தில் கேன்டீன், தோசைக்கு க்யூ.

ஜான் பவுனின் வீடு அதே தெருவில் இன்றும் மியூசியமாக நிற்கிறது. 2022-ல் அந்தத் தெருவுக்கு இன்னொரு பெயரும் சேர்த்துப் பலகை மாட்டினார்கள்: கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்.