செங்கற்சுவர் முன் லென்ஸ்: அளவையியல் நோக்கில் ஓர் ஆய்வு

பொருளை அறியும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றாகச் சுருக்கிய சைவ சித்தாந்த நூலோர், கேமரா லென்ஸ் வாங்குவோரைக் கண்டறியாத காரணத்தால், விலைச்சீட்டு என்னும் நான்காம் அளவையைச் சேர்க்காமல் விட்டனர். இக்குறையை நிரப்ப உதவும் சான்று, ஜப்பானின் சிக்மா நிறுவனம் 2012ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய 35 மி.மீ. எஃப்/1.4 ஆர்ட் லென்ஸ் ஆகும். எஃப்/1.4 என்பது குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வரும் ஈவு; எனவே இந்த லென்ஸின் துளை முழுதும் திறக்கும்போது 25 மி.மீ. அகலம் கொள்கிறது. இதே அளவில் கேனானின் லென்ஸ் 1998 முதலும், நிக்கானின் அன்றைய வடிவம் 2010 முதலும் அரசு செலுத்திவர, அவை அமெரிக்கச் சந்தையில் 1,300 டாலருக்கு மேல் விற்ற காலத்தில், மூன்றாம் தரப்பு எனப்படும், அதாவது பிறர் கேமராவுக்கு லென்ஸ் செய்து விற்கும் வகுப்பைச் சார்ந்த இந்தப் புதுவரவு 899 டாலருக்கு வந்து நின்றது. விலை குறைவு என்பதே அதன்மேல் சாட்டப்பட்ட முதற்குற்றம்.

காட்சி அளவைக்குரிய ஆய்வுக்கூடம் செங்கற்சுவர். தட்டையாகவும் நேர்கோடுகள் நிறைந்ததாகவும் மூலை வரை நுண்விவரம் கொண்டதாகவும் இருப்பதால், கோடுகள் வெளிப்புறம் வளைவதையும், ஓரங்கள் மங்குவதையும், உள்ளே ஒரு கண்ணாடி நடுவச்சு விலகியிருந்தால் படத்தின் ஒரு பக்கம் மட்டும் குழைவதையும் அது ஒளிக்காமல் காட்டிவிடும். ஆயினும் கேமரா சுவருக்கு இம்மியும் பிசகாமல் இணையாக நிற்க வேண்டும் என்பது நிபந்தனை; எஃப்/1.4இல் தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவாதலால், சோதிப்பவர் சற்றே சாய்ந்து நின்ற பழி லென்ஸின் தலையில் ஏறும். இவ்வாறு எடுக்கப்பட்ட சுவர்ப் படங்களுள் ஒன்றையேனும் எவரும் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டியதாகத் தெரியவில்லை.

துளை முழுதும் திறந்த நிலையில் புதுவரவு பழையவற்றைவிடக் கூர்மையானது என்று சுவர் தீர்ப்பளித்தபோதுதான் ஆய்வாளர் கவனிக்கத்தக்க திருப்பம் நிகழ்ந்தது. அதுவரை கூர்மையே லென்ஸின் உயிர் என்றிருந்த மரபுவாதிகள், கூர்மை கண்ணுக்கு உறுத்துவது என்றும், பின்னணி மங்கும் அழகாகிய ‘போக்கே’யும், எந்தக் கருவியாலும் அளக்க இயலாத ‘கேரக்டரு’மே உண்மையான இலக்கணங்கள் என்றும் கண்டுகொண்டனர். அளக்க இயலாத குணத்தில் தோற்பது அரிது.

தானியங்கி ஃபோகஸ் பற்றிய வாதம் மட்டுமே பொருட்படுத்தத் தக்கது. கேமராவும் லென்ஸும் தமக்குள் மின்குறிகளால் பேசிக்கொள்கின்றன. அந்தக் குறிமொழியைப் பிறர்க்குக் கற்பிக்கக் கேமரா நிறுவனத்தார் விரும்பாதபோது, மூன்றாம் தரப்பார் ஒட்டுக்கேட்டே அதைக் கற்கவேண்டியிருப்பதால், கண்ணில் விழவேண்டிய ஃபோகஸ் சிற்சில வேளை காதில் விழும். இதற்கு மருந்தாக, லென்ஸைக் கணினியோடு இணைத்துத் திருத்தும் யூ.எஸ்.பி. டாக் என்னும் துணைக்கருவியைச் சிக்மா தனியே விற்றது. மருந்தோடு பிறந்தது நோயாளியே என்றனர் எதிர்த்தரப்பார். அதே பிழையைத் திருத்தும் வசதி உயர்விலைக் கேமராக்கள் பலவற்றில் சொந்த லென்ஸுகளுக்காகவும் வைக்கப்பட்டிருந்ததை அவர்கள் நினைவுகூரவில்லை.

எஞ்சியது எடை. சிக்மா 665 கிராம், கேனான் 580 கிராம் என்பதால், கழுத்து நோவு ஒரு தத்துவச் சிக்கலாக உயர்த்தப்பட்டது. 2015இல் கேனான் தன் லென்ஸின் இரண்டாம் பதிப்பை 760 கிராமில் வெளியிட்ட பின்னர், எடை என்பது கட்டுமான உறுதிக்குச் சான்று என்னும் கொள்கை வலுப்பெற்றது.