அம்பு வாலாட்டினால் விரலைப் பாருங்கள்

கேள்வி: மூங்கில் அம்பு. 20 மீட்டரில் விடுகிறேன். பாம்பு நெளிகிற மாதிரி வாலாட்டிக்கொண்டே போய் இலக்குக்கு இடப்பக்கம் குத்துகிறது. வில்லை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?
ஷூ கம்பெனித் தொழிலாளி, ஆம்பூர்

பதில்: வேண்டாம், காசு பையிலேயே இருக்கட்டும். எந்த அம்பும் கிளம்பும்போது நெளியத்தான் செய்யும். நாண் பின்னாலிருந்து தள்ளுகிறது, முனையின் எடை முன்னால் முரண்டு பிடிக்கிறது, நடுத்தண்டு வளைந்து வில்லைச் சுற்றி ஒதுங்கிக்கொண்டு போகிறது. நல்ல அம்பு சில மீட்டரிலேயே அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் பெரும்பாலும் தண்டின் விறைப்பு வில்லோடு ஒத்துப்போகவில்லை. இல்லாவிட்டால் நாணை விடும்போது விரல்கள் அதைப் பக்கவாட்டில் பிடுங்குகின்றன.

எது என்று கண்டுபிடிக்க ஓர் அம்பின் இறகுகளைக் கழற்றிவிடுங்கள். இறகோடு மூன்று, மொட்டையாக ஒன்று, 10 மீட்டரில் விடுங்கள். நீங்கள் வலக்கைக்காரராக இருந்து, அம்பு வில்லின் இடப்புறம் உட்காருகிறது என்றால் கணக்கு இது: மொட்டை அம்பு இடப்பக்கம் விலகினால் தண்டு அதிக விறைப்பு, வலப்பக்கம் விலகினால் அதிகத் தளர்வு. ஒருமுறை இடம், ஒருமுறை நடு என்று மாறி மாறி விழுந்தால் தண்டைக் குறை சொல்லாதீர்கள், விரலைப் பாருங்கள்.

மூங்கிலில் ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு குணம். அதை வீட்டிலேயே அளக்கலாம். 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி. அவற்றின் மேல் தண்டைப் படுக்க வையுங்கள். ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, பாட்டிலோடு சேர்த்து 907 கிராம், அதாவது 2 பவுண்டு வரும்படி மளிகைக்கடைத் தராசில் நிறுத்து, தண்டின் நடுவில் தொங்கவிடுங்கள். எத்தனை அங்குலம் தொய்கிறதோ அந்த எண்ணால் 26-ஐ வகுத்தால் அந்தத் தண்டு எத்தனை பவுண்டு இழுவிசை உள்ள வில்லுக்கு ஏற்றது என்று தோராயமாகத் தெரியும். 0.65 அங்குலம் தொய்ந்தால் 40 பவுண்டு. ஒரே மாதிரி தொய்கிற தண்டுகளை ஒரு கட்டாகக் கட்டுங்கள். விறைப்பைக் குறைக்க முனையைக் கொஞ்சம் கனமாக்கலாம், நடுத்தண்டை உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கலாம். தளர்ந்த தண்டைக் கால் கால் அங்குலமாக வெட்டிப் பாருங்கள். அதற்குமுன் ஒருமுறை முழுசாக இழுத்துப் பார்த்து, வெட்டியபின் முனை வில்லுக்கு உள்ளே வந்துவிடாது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்; வந்தால் கையைக் குத்தும்.

கேள்வி: என் அம்பு பக்கவாட்டில் ஆடவில்லை, மேலும் கீழுமாகக் குதிக்கிறது.
கல்லூரி மாணவர், வாணியம்பாடி

பதில்: நாணில் அம்பு கோக்கும் இடத்தைச் சரிபாருங்கள். அம்பு உட்காரும் இடத்திலிருந்து நாணுக்கு நேர் செங்குத்தாகக் கோடு பிடித்து, அதற்கு அரை அங்குலம் மேலே தொடங்குங்கள். துள்ளல் அடங்கும்வரை நூல் நூலாகக் கீழே இறக்குங்கள். கீழிருந்து மேலே ஏற்றிக்கொண்டு போனால், அம்பின் வால் கைப்பிடி மேட்டில் இடித்துத் துள்ளி உங்களை ஏமாற்றிவிடும்.

கேள்வி: கட்டிங்கில் மிஞ்சும் துண்டுத் தோலில், நாண் இழுக்கும் விரல்களைக் காக்கும் ஃபிங்கர் டேப் வெட்டிக்கொள்ளலாமா? எந்தத் தோல் நல்லது?
கட்டிங் செக்‌ஷன் பெண், பேரணாம்பட்டு

பதில்: சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தாராளமாக வெட்டுங்கள் அம்மா. பழந்தமிழில் இதற்கு விரற்புட்டில் என்றே பெயர் உண்டு. தோலைத் தொட்டே ரகம் சொல்கிற கை உங்களுடையது. கடையில் வாங்குகிற டேப் அந்தக் கைக்கு ஈடாகாது.

ஷூவின் மேல்தோல் மட்டும் இதற்குப் போதாது. அது மெல்லியது, இளக்கமானது. நாணின் அழுத்தத்தில் நாலு நாளில் பள்ளம் விழும். நாண் அந்தப் பள்ளத்தில் ஒரு கணம் தங்கிப் புறப்படும். அந்த ஒரு கணம்தான் இலக்கில் ஒரு சாண். வெட்டிய விளிம்பைப் பாருங்கள். உள்ளே நீலச் சாம்பலாக இருந்தால் அது குரோம் தோல். விளிம்பு முழுக்கப் பழுப்பாக, முகர்ந்தால் பட்டை வாசனை வந்தால் அது ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிட்ட தோல். ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று நம் பெரியவர்கள் கப்பலேற்றினார்களே, அந்த வகை. நாண் படும் பக்கத்துக்கு இந்தப் பட்டைத் தோல், சுமார் 2 மில்லிமீட்டர் கனத்தில், வழவழப்பான முகம் நாணைப் பார்க்க இருக்கட்டும். விரல் படும் பக்கத்துக்கு மெத்தென்ற குரோம் தோலை ஒட்டிக்கொள்ளுங்கள். அம்பின் குதை, அதாவது நாணில் கோக்கும் வால் வெட்டு, வரும் இடத்தில் ஒரு பிளவு. விரல் நுனியைத் தாண்டி நீளும் தோலை வெட்டி எறியுங்கள், அது நாணை உரசும்.

நம் ஊர் வெயிலில் கை வியர்க்கும். ஈரமான தோலில் நாண் வழுக்காது, ஒட்டும். கொஞ்சம் பவுடர் தடவுங்கள். நனைந்த பட்டைத் தோலை வெயிலில் காயப் போட்டால் விறைத்து வெடிக்கும், நிழலில் உலர்த்துங்கள். எப்போதும் இரண்டு வைத்திருங்கள். புது டேப்பில் நூறு அம்பாவது விட்டுப் பழகாமல் போட்டிக்குப் போகாதீர்கள்.

கேள்வி: நாண் முழங்கைக்கு உட்புறம் அடித்து ரத்தம் கட்டிவிட்டது. தோல் கவசம் போட்டால் சரியாகுமா?
ஆசிரியை, குடியாத்தம்

பதில்: வலி போகும், தவறு அப்படியே இருக்கும். வில் பிடிக்கும் கையைச் சுவரில் ஊன்றுங்கள். உள்ளங்கையைத் திருப்பாமல் முழங்கையை மட்டும் திருப்பி, அதன் மடிப்பு வானத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கும்படி வையுங்கள். அந்தத் திருப்பம் வந்துவிட்டால் நாணுக்கு வழி கிடைத்துவிடும். முழங்கையை இறுக்கிப் பூட்டவும் கூடாது. பிறகும் அடித்தால் கட்டைவிரலை நிமிர்த்திய முஷ்டியைக் கைப்பிடிக்கும் நாணுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். முஷ்டி அளவுக்குக்கூட இடைவெளி இல்லை என்றால் நாண் நீளம் அதிகம்; முறுக்கிக் குறையுங்கள். கவசம் கட்டாயம் போடுங்கள், திருத்தத்தையும் செய்யுங்கள்.

கேள்வி: கை கன்னத்துக்கு வருவதற்குள் அம்பு தானாகப் போய்விடுகிறது. வெட்கமாக இருக்கிறது.
பெயர் வேண்டாம், ராணிப்பேட்டை

பதில்: வெட்கப்பட ஒன்றுமில்லை. உலகத்தின் பெரிய வில்லாளிகளுக்கும் வந்த நோய் இது. கண் இலக்கைத் தொட்டதும் மனசு பதறி விரலுக்குக் கட்டளை போட்டுவிடுகிறது. கண்ணுக்கு வேலை கொடுக்காதீர்கள். மூன்று மீட்டரில் வைக்கோல் கட்டு, அதில் வட்டமோ புள்ளியோ கிடையாது. இழுங்கள், கன்னத்தில் பதியுங்கள், மூன்று எண்ணுங்கள், விடாமல் இறக்குங்கள். பத்து முறை இப்படி இறக்கியபின் ஒரு முறை விடுங்கள். தோள்பட்டை எலும்பு முதுகுத்தண்டை நோக்கி நகர்வது தெரியவேண்டும். அந்த இழுவையில் விரல்கள் தாமாகத் தளரவேண்டும். மூன்று வாரம் இதையே செய்யுங்கள். வில்லின் பவுண்டையும் சொல்லாமல் விட்டீர்கள். பழகும் பெரியவருக்கு 20 முதல் 25 போதும். சக்திக்கு மீறிய வில் யாரையும் அவசரப்படுத்தும்.

கேள்வி: ஏகலைவன் கட்டைவிரல் போனதும் ஏன் தடுமாறினான்? நாம் மூன்று விரலில்தானே இழுக்கிறோம்?
பத்தாம் வகுப்பு மாணவி, வேலூர்

பதில்: நல்ல கேள்வி, தங்கச்சி. ஆசியாவின் பல நாடுகளில் கட்டைவிரலால் நாணைக் கவ்வி இழுப்பதே பழைய வழக்கம். அந்த முறைக்குக் கட்டைவிரல்தான் உயிர். மிச்ச விரல்களால் விட்டபோது முன்பிருந்த வேகம் இல்லை என்கிறது மகாபாரதம். கட்டைவிரலால் இழுக்கும் வலக்கைக்காரருக்கு அம்பு வில்லின் வலப்புறம் உட்காரும். முதல் பதிலில் சொன்ன இடம் வலம் கணக்கு அவர்களுக்குத் தலைகீழ்.

கேள்வி: தோலுக்குப் பேர்போன நம் பகுதிக்கும் வில்லுக்கும் என்ன சம்பந்தம்?
ஓய்வுபெற்ற டேனரி ஊழியர், ஆம்பூர்

பதில்: உங்கள் ஊரிலேயே சாட்சி உண்டு ஐயா. பல்லவ மன்னன் நிருபதுங்கனின் 26-ஆம் ஆட்சியாண்டு நடுகற்கள் ஆம்பூரில் கிடைத்தவை. மாடு பிடிக்க வந்த படையோடு மோதி மாண்டவர்களுக்காக நட்டவை. செங்கம் பக்கம் போனால் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளுமாக நிற்கும் வீரர்களைக் கல்லில் பார்க்கலாம். வில் பிடித்த கையைக் கவனித்துப் பாருங்கள். பேரப்பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.

கேள்வி: கோடையில் வில்லை எப்படி வைப்பது? பையன் அம்பில்லாமல் நாணை இழுத்து இழுத்து விடுகிறான்.
தாய், ஜோலார்பேட்டை

பதில்: இரண்டாவதை இன்றே நிறுத்துங்கள். அம்புக்குப் போகவேண்டிய விசை முழுக்க வில்லிலேயே இறங்கி, வில் உடைந்து முகத்தில் தெறிக்கும். பயிற்சி முடிந்ததும் மரவில்லின் நாணைக் கழற்றுங்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் பூட்டிய காருக்குள் வைக்காதீர்கள், ஒட்டுப்பசை இளகிவிடும். மூங்கில் அம்புகளைச் சாய்த்து வைத்தால் வளையும்; படுக்க வையுங்கள்.

கேள்வி: மூங்கில் வில்லில் பழகினால் போட்டிக்குப் போக முடியுமா?
தந்தை, காட்பாடி

பதில்: முடியும். மூங்கில் வில்லுக்கென்றே இந்தியன் ரவுண்ட் என்ற பிரிவு இருக்கிறது. 30 மீட்டரிலும் 50 மீட்டரிலும் எய்வார்கள். ராஜஸ்தானத்துப் பழங்குடிக் குடும்பத்தின் லிம்பா ராம் சிறுவயதில் கையில் எடுத்தது மூங்கில் வில்தான். 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக்கில் ஆடினார்.

இனி எழுதுகிறவர்கள் நான்கு விவரம் தவறாமல் எழுதுங்கள்: இழுக்கும் கை எது, வில் எத்தனை பவுண்டு, அம்பு வில்லின் எந்தப் புறம் உட்காருகிறது, எத்தனை மீட்டர். இவை இருந்தால்தான் அம்பு ஏன் விலகுகிறது என்று என்னால் சொல்ல முடியும்.